பச்சை, மஞ்சள், சிவப்பு: வன்னியில் ஒரு பேச்சு மாலையை நடத்தி முடிப்பது எப்படி

எங்கள் கழகத்தின் முதலாவது பேச்சு மாலை பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடிந்தது. ஏழு பேர் பேசினார்கள். ஏழாவது ஆள் எழுந்தபோது கதிரைகளில் மிச்சம் இருந்தது ஆறு பேர். அதில் ஒருவர் மண்டபத் திறப்பை வைத்திருந்தவர், அவர் நினைத்தாலும் போக முடியாது. பேசியவர்களில் ஒருவர் 22 நிமிடம் எடுத்தார். அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப்பேருக்கு அவர் படிப்பித்தவர்.

வன்னியில் பேச ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்த்தினப் போட்டி, திருவிழாப் பட்டிமன்றம், விளையாட்டுப் போட்டி, செத்தவீட்டு அஞ்சலியுரை என்று வருடம் முழுக்க ஒலிவாங்கி யாரோ ஒருவரின் கையில்தான் இருக்கும். ஏழு நிமிடத்தில் நிறுத்தவும், இருந்து கேட்டுவிட்டு உள்ளதைச் சொல்லவும் பழகியவர்கள்தான் குறைவு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டையும் எப்படிப் பழகுவது என்பது பற்றித்தான்.

முறை புதிதில்லை. 1924 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் பின்பற்றும் ஒழுங்கு இது. தயாரித்த பேச்சு, தயாரிக்காத பேச்சு, பேசியவருக்கு இன்னொரு உறுப்பினர் சொல்லும் மதிப்பீடு என்று மூன்று பகுதி. அந்தப் பெயரையும் சின்னத்தையும் பாவிக்க வேண்டுமென்றால் முறைப்படி சேர வேண்டும். ஒழுங்கை எடுத்து உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பழகிப் பார்க்க ஒரு மணிக்கூடும் மூன்று மட்டைத்துண்டும் போதும்.

முதற்படி: நாளும் இடமும்

வெள்ளி வேண்டாம், கோயில். சனி, ஞாயிறு காலையும் வேண்டாம், தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்குச் சரிவந்தது சனி பின்னேரம் 4 மணி. மாதம் ஒருமுறைதான் கூடுவோம் என்றால் பூரணை விடுமுறையைப் பிடிக்கலாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிற கிழமையில் கூட்டம் போட்டால் வெறும் கதிரைகளோடுதான் கதைக்க வேண்டும். காலபோக அறுவடைக் காலத்தில் கமம் செய்கிற உறுப்பினர்கள் வரமாட்டார்கள். அவர்களோடு கோபிக்காமல், அறுவடைக் காலத்துக் கூட்டங்களுக்கு வேறு ஆட்களைப் பேச வையுங்கள்.

தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம் முக்கியம். ஏ9 வீதியோரம் இருக்கிறவர்கள் எப்படியும் வீடு போய்ச் சேர்வார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று உள்ளுக்குப் போகிறவர்களுக்குப் பொழுதுபட்டால் பஸ்ஸும் இல்லை, சில வீதிகளில் யானையும் நிற்கும். ஆறு மணிக்குள் முடியும் என்று நம்பினால்தான் பெண்கள் தொடர்ந்து வருவார்கள். ஒருமுறை ஏழாகிவிட்டால் அடுத்த முறை "வீட்டில கொஞ்சம் வேலை" என்று தகவல் வரும். அதற்குப் பிறகு அந்த வேலை முடியவே முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை கிடைப்பதில் மிகச் சின்னதை எடுங்கள். பொதுநோக்கு மண்டபம் சும்மா கிடைக்கிறது என்று அங்கே போனால், இருநூறு பேர் கொள்ளும் இடத்தில் இருபது பேர் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், பேசுகிறவர் தேர்தல் கூட்டம்போலக் கத்துவார். ஒரு வகுப்பறை, நூலகத்தின் ஒரு பக்கம், முன்பள்ளிக் கட்டடம் போதும். முன்பள்ளியில் கதிரைகள் முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

ஒரு மாலைக்கு மூன்று தயாரித்த பேச்சு. நாலாவது ஆளைச் சேர்க்க எல்லாருக்கும் ஆசை வரும், சேர்க்காதீர்கள். கணக்கு இதுதான்:

தொடக்கம், வரவேற்பு: 5 நிமிடம்
பொறுப்பாளர்கள் தங்கள் வேலையைச் சொல்வது: 5
மூன்று பேச்சு, அறிமுகமும் குறிப்பெழுதும் நேரமும் சேர்த்து: 30
திடீர்ப்பேச்சு: 20
மூன்று மதிப்பீடு: 12
நேரம், மொழி, இடைச்சொல் அறிக்கைகள்: 8
தலைமை மதிப்பீட்டாளர்: 5
அறிவித்தல், அடுத்த மாலையின் பொறுப்புகள்: 5

மொத்தம் 90 நிமிடம். நாலாவது பேச்சாளர் வந்தால் அவருடைய பேச்சு, அறிமுகம், மதிப்பீடு எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு கால் மணித்தியாலம் போகும். தேத்தண்ணியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தேத்தண்ணி கடைசியில்தான். நடுவில் கொடுத்தால் பத்து நிமிடம் என்று சொல்லி எழும்பினவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து இருத்த அரை மணித்தியாலம் வேண்டும்.

மூன்றாம் படி: பொறுப்புகளைப் பிரியுங்கள்

இரண்டு கிழமைக்கு முன்னமே வட்ஸப் குழுவில் பட்டியல் போய்விட வேண்டும். பேசாதவர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கும், சும்மா பார்வையாளராக ஒருவரும் வரக்கூடாது.

நெறியாளர் மாலையை ஓட்டுகிறவர். பேச்சாளரை அழைத்து, கைகொடுத்து, இருத்தி, அடுத்தவரை அழைப்பதுதான் அவருடைய வேலை. இரண்டு பேச்சுக்கு நடுவில் மூன்றாவது பேச்சு ஒன்றைத் தானே போடுகிற நெறியாளரை அடுத்த முறை நேரக்காப்பாளராக்குங்கள், குணமாகிவிடும்.

நேரக்காப்பாளரிடம் ஃபோனில் ஸ்டொப்வொச்சும் மூன்று நிற மட்டையும் இருக்கும். சாதாரணப் பேச்சு 5 தொடக்கம் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு 30 செக்கன் தவணை. புது உறுப்பினர் தன்னை அறிமுகப்படுத்தும் முதற்பேச்சுக்கு 4 தொடக்கம் 6 நிமிடம் என்பதால் நிறங்கள் நாலு, ஐந்து, ஆறில் வரும். திடீர்ப்பேச்சுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. மதிப்பீட்டுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று. இந்த எண்களை மட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

இடைச்சொல் எண்ணுகிறவர் "ஆ...", "ம்..." என்ற இழுவைகளை எண்ணுவார். எங்கள் பக்கத்தில் அதைவிட "வந்து", "என்னெண்டால்", "அதாவது", "இப்ப பாத்தீங்கள் எண்டால்" ஆகியவைதான் கூட. ஒரு உறுப்பினருடைய ஐந்து நிமிடப் பேச்சில் 31 "வந்து" எண்ணினோம். அவருக்கே நம்பிக்கையில்லை. அடுத்த முறை ஒவ்வொரு "வந்து" வரும்போதும் தானே சிரித்தார், மூன்றாம் முறை ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கையை நகைச்சுவையாகச் சொல்லலாம், ஆளைப் பழித்துக் காட்டக்கூடாது.

மொழி கவனிக்கிறவர் நல்ல சொல், பிழையான சொல் இரண்டையும் குறித்துவைப்பார். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர், எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல ஒரு தலைமை மதிப்பீட்டாளர், திடீர்ப்பேச்சுக்குக் கேள்வி கொண்டுவர ஒருவர். அவ்வளவுதான்.

நாலாம் படி: பேச்சாளரோடு ஒரு கிழமை

பெரும்பாலான கழகங்கள் சறுக்குவது இங்கேதான். பெயரைப் பட்டியலில் போட்டுவிட்டு அந்த மாலை வரை பேச்சாளரை மறந்துபோவார்கள். அவர் முதல்நாள் இரவு இணையத்தில் தேடி, சிறப்புக் கட்டுரை ஒன்றைப் பாடமாக்கிக்கொண்டு வருவார். ஒரு கிழமைக்கு முன்னம் யாராவது ஒருவர் போன் எடுத்து, "என்னத்தைப் பற்றிக் கதைக்கப் போறீங்கள்?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் உறுப்பினரான கமக்கார ஐயா ஒருவரோடு நான் கதைத்தது இப்படித்தான்.

"நெல்லைப் பற்றிப் பேசப்போறன் தம்பி."

"நெல்லில என்னத்தை ஐயா?"

"வரலாறு, இனங்கள், விவசாயிகளின் பிரச்சினைகள், அரசாங்கம் செய்ய வேண்டியவை."

"ஏழு நிமிசம்தான் ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வரலாற்றை விடுவம்."

"போன போகம் வியாபாரியிட்ட ஏதோ நடந்தது எண்டு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்கோவன்."

"அதெல்லாம் ஒரு பேச்சே?"

அதுதான் பேச்சு என்று அவரை நம்பவைக்க மூன்று அழைப்பு எடுத்தது. அரசு கொள்வனவு செய்யும்போது நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வாசலுக்கு வருகிற வியாபாரியிடம் பெரும்பாலும் மானி இருக்காது. கையை மூட்டைக்குள் விட்டு, "ஈரமாய் இருக்கு ஐயா" என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிடுவார். எங்கள் ஐயா அன்றைக்கு ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக் காட்டியிருக்கிறார். காய்ந்த நெல் டக்கென்று உடையும், ஈரமென்றால் நசியும். வியாபாரி கழிவைப் பாதியாக்கினார். இவ்வளவுதான் கதை.

அவர் முதலில் எழுதிக் கொண்டுவந்த தொடக்கம்: "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, இங்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என் உடன்பிறவா உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் சிரம்தாழ்ந்த வணக்கங்கள். உழவின் மேன்மை பற்றி உரையாற்ற விழைகின்றேன்." வாசித்து அளந்து பார்த்தோம், 25 செக்கன் போயிருந்தது. எங்கள் மாலையில் நடுவரும் இல்லை.

மேடையில் அவர் செய்தது வேறு. சட்டைப்பையிலிருந்து நாலைந்து நெல்மணி எடுத்தார். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். சின்ன மண்டபம் என்பதால் பின்வரிசைக்கும் கேட்டது. "இந்தச் சத்தம் கேட்டதோ? போன போகம் எனக்கு இந்தச் சத்தம் மூட்டைக்கு இரண்டு கிலோ மிச்சம் பிடிச்சுத் தந்தது" என்றார். வணக்கம் சொல்ல மறந்துபோனார், ஒருவரும் குறையாக எடுக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியதிலிருந்து வடக்கில் மேடைத் தமிழுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அது நல்லதுதான். ஆனால் புதிதாகப் பேச வருகிற ஒருவர் வீட்டில் "வந்தனான்" என்று சொல்கிறதை மேடையில் "வருகை தந்திருந்தேன்" என்று மாற்றப் போய், அந்த மாற்றத்திலேயே மூளை முழுவதையும் செலவழித்துவிடுகிறார். பயத்தால் நாக்கு ஒட்டுகிறது என்று நாங்கள் நினைக்கிற இடத்தில் பாதி நேரம் நடப்பது இந்த மொழிபெயர்ப்புத்தான். எங்கள் கழகத்தில் முதல் மூன்று பேச்சையும் கதைக்கிற தமிழிலேயே பேசச் சொல்வோம். அதன் பிறகு வேண்டுமானால் செந்தமிழுக்குப் போகலாம். சில பழைய ஆட்களுக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, கதைக்கிற தமிழ் என்றதும் சிலர் கவனமில்லாமல் அலட்டுகிறார்கள். ஆனாலும் வாய் திறக்காத ஆளைவிட அலட்டுகிற ஆளைத் திருத்துவது லேசு.

ஒத்திகை கட்டாயம். பக்கக் கணக்கை நம்ப வேண்டாம், ஆளுக்காள் வேகம் வேறு. நின்றுகொண்டு, சத்தமாக, ஃபோனில் நேரம் வைத்து மூன்று தரம். வீட்டில் ஆறு நிமிடம் வந்தால் சரி. மேடையில் சிரிப்புக்கும் தடுமாற்றத்துக்கும் ஒரு நிமிடம் தேவைப்படும். பேச்சை முழுக்க எழுதிப் பாடமாக்குவதைவிட, முதல் இரண்டு வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாடமாக்கிவிட்டு நடுவுக்கு ஒரு துண்டில் ஐந்து சொல் எழுதிவைத்திருப்பது பாதுகாப்பு. முழுப் பாடம் ஒரு சொல் தவறினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஐந்தாம் படி: மண்டபம்

அரை மணித்தியாலம் முன்னம் போங்கள். கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள். மேடை இருந்தால் ஏறாதீர்கள், நிலத்தில் நின்றே பேசலாம். பொன்னாடை, மாலை, மங்கல விளக்கு எல்லாம் வருடாந்தக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வைத்தால் பேச்சுக்கு மிஞ்சுவது ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

இருபது பேருக்கு ஒலிவாங்கி தேவையில்லை. அது இருந்தால் முதல் பத்து நிமிடம் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்", மிச்ச நேரம் கூவல். நேரக்காப்பாளர் பின்வரிசையில், பேசுகிறவரின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். ஓரத்தில் இருத்தினால் மட்டையைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு சாட்டாகிவிடும். சில இடங்களில் நிற விளக்குகள் பாவிக்கிறார்கள். நாங்கள் மட்டையோடு நிற்கிறோம், கரண்ட் போனாலும் மட்டை வேலை செய்யும். மாரிகாலத்தில் ஒரு ரோச் லைட் பக்கத்தில் இருக்கட்டும்.

தகரக் கூரை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மழை இறங்கினால் ஒரு சொல்லும் கேட்காது. கத்திப் பார்ப்பதில் பயனில்லை. மணிக்கூட்டை நிற்பாட்டிவிட்டு, பேச்சாளரை நடுவில் விட்டு எல்லாரும் கதிரையை இழுத்துக்கொண்டு சுற்றிவர நெருங்கி இருங்கள். எங்கள் மிக நல்ல கூட்டங்களில் ஒன்று அப்படி நடந்தது. ஒருவர் முழங்கால் ஒருவருக்கு முட்ட, செவியை நீட்டிக்கொண்டு கேட்டோம்.

ஆறாம் படி: அந்த ஒன்றரை மணித்தியாலம்

நாலு மணி என்றால் நாலு மணி. ஐந்து பேர்தான் வந்திருந்தாலும் தொடங்குங்கள். "இன்னும் கொஞ்சப்பேர் வந்துகொண்டிருக்கினம்" என்று காத்திருந்தால், நேரத்துக்கு வந்த ஐந்து பேருக்கும் நீங்கள் கொடுக்கிற தண்டனை அது. இரண்டு மாதம் இப்படிப் பிடிவாதமாகத் தொடங்கினோம், மூன்றாவது மாதம் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதிரை நிரம்பியது.

பேச்சாளரை அறிமுகப்படுத்த மூன்று வசனம் காணும்: பெயர், இது எத்தனையாவது பேச்சு, இந்தப் பேச்சில் அவர் எதைப் பழக முயல்கிறார். மூன்றாவதுதான் தேவையானது. "இன்றைக்கு ஐயா கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு பேசப் பழகுகிறார்" என்று சொல்லிவிட்டால், கேட்கிறவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு நிமிடம் அமைதி. எல்லாரும் ஒரு துண்டில் இரண்டு வரி எழுதிப் பேச்சாளரிடம் சேர்ப்பார்கள். பிடித்தது ஒன்று, அடுத்த முறைக்கு ஒன்று. பெயர் போட வேண்டும். பெயரில்லாத துண்டு மொட்டைக் கடிதம் மாதிரி.

சிவப்பு மட்டை தூக்கியும் ஒருவர் நிறுத்தவில்லையா? 30 செக்கன் போனதும் நேரக்காப்பாளர் கைதட்டத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து தட்டுவார்கள். மரியாதையான முடிவு, யாருக்கும் முகம் சுழிக்காது. முதல் மாலையில் 22 நிமிடம் பேசிய எங்கள் சேருக்கு இரண்டாவது தடவை இதைத்தான் செய்தோம். அவர் தனக்குப் பாராட்டுக் கிடைத்தது என்று நினைத்து, கைதட்டல் ஓய்ந்ததும் தொடர்ந்தார். பிறகு அவரையே நேரக்காப்பாளராக்கினோம். இப்போது எங்களிடம் அவரைவிடக் கண்டிப்பான நேரக்காப்பாளர் இல்லை, ஏழு நிமிடம் ஒரு செக்கனில் மட்டை மேலே நிற்கும்.

ஏழாம் படி: திடீர்ப்பேச்சு

முன்கூட்டித் தெரியாத ஒரு கேள்விக்கு ஒன்று தொடக்கம் இரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேசாதவர்களை, முக்கியமாகப் பின்வரிசைக்காரரை எழுப்புங்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் மூச்சுவிட்டுக்கொண்டு கேள்வியைக் கவனிக்க மாட்டார்கள்.

கேள்வி சின்னதாக, கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும். "முறிகண்டியில் பஸ் நின்றால் இறங்குவீர்களா, இருப்பீர்களா?" ஏ9 வீதியில் பஸ்கள் நிற்கிற பிள்ளையார் கோயிலடி அது. இதற்கு ஒருவர் கச்சான் கடலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார், இன்னொருவர் சிதறு தேங்காயைப் பற்றி. "உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற மரம்." "இரணைமடுக் குளம் வான் பாய்கிறது, முதலில் யாருக்கு ஃபோன் எடுப்பீர்கள்?" "ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றுக் காட்டுங்கள்." "ஜனநாயகத்தின் எதிர்காலம்" போன்றவற்றைக் கேட்டால் பத்திரிகைத் தலையங்கம்தான் வரும்.

கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு, இதை வன்னிக்கு வெளியே எழுதப்பட்ட எந்தக் கைநூலும் சொல்லித்தராது. "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள்", "நீங்கள் இழந்த மிகப் பெரிய ஒன்று", "சிறுவயதில் உங்கள் வீடு". வேறு ஊரில் இவை சாதாரணக் கேள்விகள். இங்கே முப்பது வயது தாண்டிய யாரை எழுப்பினாலும் 2009 இருக்கும், அதற்கு முந்திய இடப்பெயர்வுகள் இருக்கும். ஒருவர் தானாக விரும்பி, தயாரித்து, அதைப் பேச வந்தால் கேட்போம். எதிர்பாராமல் எழுப்பி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நிமிட மட்டையைக் காட்டி ஒருவரிடம் அதைப் பிடுங்கக்கூடாது. கேள்வி கொண்டுவருகிறவர் பட்டியலை நெறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடட்டும். எழுந்தவர் கேள்வி வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் வேறொன்று கொடுங்கள்.

எட்டாம் படி: மதிப்பீடு

"நல்லாய் இருந்தது, வாழ்த்துகள்." இதைக் கேட்பதற்காக யாரும் ஒரு கிழமை தயாரித்துக்கொண்டு வருவதில்லை. மற்றப் பக்கம், பட்டிமன்ற நடுவர்போல ஆளைக் கிழித்துவிட்டு இருக்கிறவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான், பேசியவர் எடுத்துக்கொண்டு போக எதுவும் இருக்காது.

மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது: கூட்டத்துக்கு முன்னமே பேச்சாளரிடம் போய், "இண்டைக்கு நான் எதைக் கவனிக்கவேணும்?" என்று கேட்பது. பிறகு பேச்சின்போது, கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே எழுதுவது. "கண்தொடர்பு குறைவு" என்று எழுதாமல், "இடப்பக்கம் இருந்த எங்களை ஒருமுறைதான் பார்த்தீர்கள்" என்று எழுதுவது. மூன்று நிமிடத்தில் வேலைசெய்த இரண்டு இடம், மாற்றக்கூடிய ஒரு இடம், அதை எப்படி மாற்றலாம் என்ற ஒரு யோசனை. ஐந்து குறை கண்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், மிச்சத்தைத் தேத்தண்ணி குடிக்கும்போது தனியாகச் சொல்லலாம்.

நெல்மணி ஐயாவை மதிப்பிட்டது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தொடங்குவதற்கே அவளுக்குக் கைநடுக்கம். "ஐயா, நெல்லைக் கடிச்ச இடத்தில நாங்கள் எல்லாரும் நிமிர்ந்திட்டம். வியாபாரி கதைக்கிற மாதிரிக் கதைச்சதும் நல்லாய் இருந்தது. ஆனா ஒவ்வொரு வசனத்திலயும் கடைசிச் சொல்லு உங்கட வாய்க்குள்ளயே போட்டுது. 'அவன் கழிவைப் பாதியா...' எண்டு கேட்டது, ஆக்கினானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்ல. கடைசிச் சொல்லுக்கு ஒரு மூச்சு மிச்சம் வைச்சுப் பாருங்கோ ஐயா." ஐயா தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "பெட்டை சரியாய்த்தான் பிடிச்சிருக்கு, மனிசியும் இதைத்தான் முப்பது வருசமாய்ச் சொல்லுறாள்" என்றார்.

வயதும் பதவியும் எங்கள் ஊரில் பெரிய தடை. சின்ன ஆள் பெரிய ஆளைத் திருத்துவதா என்று இரண்டு பக்கமும் கூச்சம். ஐயா, ரீச்சர், சேர், அக்கா என்று எப்போதும்போல அழையுங்கள், அந்த மரியாதை பேச்சைப் பற்றிச் சொல்வதைக் குறைக்காது. பாடசாலை அதிபராக இருந்தவருக்கு மதிப்பீட்டாளராக முதல் தடவை இன்னொரு அதிபரையே போடுவது எங்கள் சூது. இரண்டாம் தடவை இளம் ஆளைப் போடலாம்.

நான் பிழைவிட்ட ஒரு மதிப்பீட்டையும் சொல்லிவிட வேண்டும். ஒரு அக்கா தன் தம்பி சைக்கிள் ஓடப் பழகினதைப் பற்றிப் பேசினார். சிரிக்கவைத்தார். அவன் விழுந்தது, மறுபடி ஏறினது, கடைசியில் கைவிட்டு ஓடினது. அப்படியே நிறுத்திவிட்டு இருந்தார். நான் எழுந்து, கைநூலில் இருக்கிறபடி, "முடிவுரை இல்லாமல் திடீரென்று நின்றுவிட்டது, தம்பி இப்போது எங்கே, என்ன செய்கிறார் என்று சொல்லி முடித்திருக்கலாம்" என்றேன். மண்டபத்தில் அவரைத் தெரிந்த எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவருடைய தம்பியைப் பதினைந்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாதது சாட்டல்ல, கூட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் அவரோடு கதைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எனக்காகச் சிரித்துவிட்டு, "அந்த இடத்தில நிப்பாட்டவேணும் எண்டுதான் நினைச்சனான்" என்றார். பேச்சாளரிடம் முன்னமே கேளுங்கள் என்று மேலே எழுதியது அதற்குப் பிறகு நாங்கள் போட்ட விதி. இன்னொன்றும் போட்டோம். சொந்தக் கதையில் மதிப்பிடுவது குரல், வேகம், சொல், ஒழுங்கு ஆகியவற்றைத்தான். நடந்ததுக்கும் அதை அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதற்கும் புள்ளி போட நாங்கள் யாருமில்லை.

தலைமை மதிப்பீட்டாளர் மாலை முழுவதையும் பற்றிச் சொல்வார்: நேரத்துக்குத் தொடங்கினோமா, மதிப்பீடுகள் எப்படி இருந்தன. மதிப்பீட்டாளர்களையும் ஒருவர் மதிப்பிடுகிறார் என்று தெரிந்தால் "நல்லாய் இருந்தது, வாழ்த்துகள்" தானாகக் குறையும்.

கடைசிப் படி: கலைவதற்கு முன்

சிறந்த பேச்சாளர் என்று வாக்கெடுத்து ஒரு சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் உண்டு. நாங்கள் ஆறு மாதம் செய்துவிட்டு விட்டுவிட்டோம், ஒரே மூன்று பேரே வாங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊருக்கு அது உற்சாகமாக இருந்தால் வையுங்கள்.

அடுத்த மாலையின் மூன்று பேச்சாளரையும் எல்லாப் பொறுப்பாளரையும் எல்லாரும் இருக்கும்போதே கொப்பியில் எழுதிவிடுங்கள். "வட்ஸப்பில போடுவம்" என்று சொன்னால் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். கேட்கும் முறையும் முக்கியம். "யார் பேச விருப்பம்?" என்றால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். "ரீச்சர், உங்கட நாலாவது பேச்சு அடுத்த மாதம் சரிதானே?" என்றால் சரி என்பார்.

அதற்குப் பிறகு பிளேன்ரீயும் வடையும். ஆளுக்கு ஒரு சின்னத் தொகை சேர்த்துக்கொண்டால் மண்டபச் செலவுக்கும் காணும். பஸ் பிடிக்கிறவர்களுக்கு முதலில் கொடுங்கள். பேசியவர்கள் தங்கள் துண்டுகளை வாசித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், அவர்களைக் கொஞ்சம் அப்படியே விடுங்கள். கதிரைகளை அடுக்கி, கரும்பலகையை அழித்து, மின்விசிறியை நிற்பாட்டி, திறப்பைக் கொடுக்க வேண்டியவரின் வீட்டுக்குப் போனால், எங்கள் மண்டபக்காரர் இப்போது படலையிலேயே நிற்கிறார். "இண்டைக்கும் ஆறுக்கு முதல் முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.